கர்த்தாமாவின் புடவைக் கரை

எங்கள் பழைய ஆய்வகத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் இன்னும் விலகவில்லை. ஓய்வு பெற்றவர்கள் தாமாகவே விலகிக்கொள்வதுதான் மரியாதை என்று எனக்கும் தெரியும். ஆனால் நானும் போய்விட்டால் அங்கே நடக்கிற தப்புகளை யார் எடுத்துச் சொல்வது?

போன வாரம் அந்தக் குழுவில் பரோமிதா ஒரு படம் போட்டாள். எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். கெட்டிக்காரி, ஆனால் புதிதாக எது வந்தாலும் மயங்கிவிடுவாள். மங்கிப்போன ஓவியத்தின் புகைப்படத்தைக் கொடுத்தால் போன நிறங்களை யூகித்து நிரப்பித் தருகிற ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். இடது பக்கம் வெள்ளைப் புடவையில் ஒரு நடுவயது அம்மாள். வலது பக்கம் அதே அம்மாள், பளபளவென்று, அப்போதுதான் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள் போல. குழுவில் எல்லோரும் கைதட்டல் பொம்மையாக அனுப்பித் தள்ளினார்கள். பரோமிதா எனக்குத் தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள்: இது உங்கள் கேஸ்தானே ராஜிதி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அனுபவம் என்று ஏதாவது எழுதிக் கொடுங்களேன். ராஜிதி என்றால் இங்கே ராஜி அக்கா, அதாவது நான்.

எழுதுகிறேன். ஆனால் அனுபவம் சொல்வதற்காக அல்ல. அந்தப் படத்தில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளம்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. நான் கல்கத்தாவில், பவானிபூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஒரு கம்பெனி அலுவலகத்தில் ஆபீசர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் வங்காளம். ஜாதவ்பூரில் வேதியியல் படித்தபோது பெயிண்ட் கம்பெனியில் சேர்ந்து நல்ல சம்பளம் வாங்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். கிடைத்ததோ, ஓவியங்களில் பெயிண்ட் ஏன் கெட்டுப்போகிறது என்று ஆராய்கிற அரசாங்க வேலை. அம்மா சொந்தக்காரர்களிடமெல்லாம் நான் பெயிண்ட் கம்பெனியிலேயே சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவைத்தாள். அதை நம்பி ஒரு சித்தப்பா தன் புது வீட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டுக் கடிதம் எழுதினார். நானும் ஒரு கலர் சொன்னேன். அந்த வீட்டை இன்றுவரை ஊரில் எல்லோரும் திட்டுகிறார்கள்.

என் மேலதிகாரி மொய்த்ரா சார். ஒல்லியான மனிதர், வேட்டி குர்தாவின் மேல் ஆய்வகக் கோட்டு மாட்டிக்கொண்டு வருவார். கோட்டுப் பையில் பூதக்கண்ணாடியும் ஜெலுசில் மாத்திரையும் ஒன்றாகக் கிடக்கும். கல்கத்தாக்காரர்கள் பாதிப் பேரைப் போல அவருக்கும் வயிற்றில் அமிலம். அதனாலோ என்னவோ, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் ஜீரணக் கோளாறாகவே பார்த்தார். எண்ணெய் ஓவியம் காய்ந்து முடிவதே இல்லை, மாட்டிய நாள் முதல் அது தன்னைத்தானே ஜீரணித்துக்கொண்டிருக்கிறது என்பார். வெளிச்சமும் ஈரமும் அடுப்புப் புகையும் அதற்குப் பிடிக்காத சாப்பாடு. சில நிறங்கள் கறுக்கும், சில வெளுக்கும், சில அசையாமல் கிடக்கும். எது ஏன் என்று சொல்வது நம் வேலை, அழுவது சொந்தக்காரர்கள் வேலை என்பார்.

ஒரு ஓவியம் வந்தால் அவர் அதைப் பார்க்கவே மாட்டார். கொண்டுவந்தவரைப் பார்ப்பார். எந்தச் சுவரில் தொங்கியது, எதிரே ஜன்னல் உண்டா, சமையலறை எவ்வளவு தூரம், யார் துடைப்பார்கள், எதால் துடைப்பார்கள் என்று வைத்தியர் வெளிக்குப் போனதை விசாரிக்கிற மாதிரி கேட்பார். எதால் துடைப்பார்கள் என்பது முக்கியமான கேள்வி. இந்த ஊர்ப் பழைய வீடுகளில் துர்கா பூஜைக்கு முன்னால் ஓவியங்களை உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்ப்பார்கள். பளிச்சென்று ஆகுமாம். ஆகும்தான், மேலே இருக்கிற நிறமும் சேர்ந்து கிழங்கோடு வந்துவிடும்.

விசாரணை முடிந்த பிறகுதான் ஓவியத்தின் முன் நிற்போம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. முதல் நாள் தொடக்கூடாது. அவர் கையில் ஒரு பழைய அட்டை இருக்கும், நடுவே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு நேரத்தில் ஓர் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். மூக்கு, மரம், மேகம் என்று முழுசாகப் பார்த்தால் மூளை தனக்குத் தெரிந்த நிறத்தைத் தானே பூசிக்கொள்ளும், ஓட்டை வழியாகப் பார்த்தால்தான் அங்கே உண்மையில் என்ன இருக்கிறதோ அது தெரியும் என்பது அவர் சித்தாந்தம். ஆய்வகத்தில் யாராவது “அழகாக இருக்கிறது” என்று சொன்னால் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொல்வார்.

டாலிகஞ்சிலிருந்து ஒரு பேராசிரியர் வந்ததைச் சொன்னால்தான் அவர் குணம் புரியும். பேராசிரியரிடம் ஒரு வெள்ளைக்காரர் வரைந்த கங்கைக் கரைக் காட்சி இருந்தது. கரை நெடுக மாமரங்கள், எல்லாம் பழுப்பு இலைகளோடு. தன் தேசத்து இலையுதிர் காலத்தை நினைத்து ஏங்கிய ஓர் ஓவியன் வங்காளத்து மாமரத்தில் தன் ஏக்கத்தைப் பூசிவிட்டான் என்று பேராசிரியர் நீளமாக ஒரு கட்டுரை எழுதி, அதைப் படிக்கும்போது பல ஊர்களில் கைதட்டலும் வாங்கியிருந்தார். மொய்த்ரா சார் அட்டையை வைத்துப் பார்த்தார், ஜெலுசிலை வாயில் போட்டுக்கொண்டார். செம்பிலிருந்து செய்த பச்சை அது, வெளிச்சம் பட்டால் பழுப்பாகும், சட்டத்துக்கு அடியில் மறைந்த ஓரத்தில் பாருங்கள் என்றார். சட்டத்தைக் கழற்றினோம். ஓரத்தில் மறைந்திருந்த இலைகள் பச்சைப் பசேலென்று இருந்தன. பேராசிரியர் ஓவியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

சட்டத்துக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் படாமல் மறைந்திருக்கும் அந்த ஓரம்தான் எங்கள் தொழிலில் பொய் சொல்லாத சாட்சி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

மொய்த்ரா சார் ஓய்வு பெறப்போகிற வருஷம் அது. பூஜைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. பவானிபூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு பழைய ஜமீன் வீட்டிலிருந்து ஓர் ஓவியம் வந்தது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாற்காலியில் ஒரு நடுவயது அம்மாள், வெள்ளைப் புடவை, முந்தானையில் சாவிக்கொத்து, பின்னால் புதுக்கருக்கு மாறாத மண்டபத் தூண்கள். வீட்டில் அந்த அம்மாளைக் கர்த்தாமா என்பார்கள், வீட்டையே கட்டி ஆண்ட அம்மா என்று அர்த்தம். அந்த வீட்டின் துர்கா பூஜையைத் தொடங்கியவர் அவர்தான். பூஜைக்கு மண்டபம் கட்டிய வருஷமே ஓவியமும் வரையப்பட்டது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை, தூண்களே சாட்சி.

ஓவியத்தோடு இரண்டு பேர் வந்தார்கள், தனித்தனி டாக்ஸியில்.

ஒருவர் அந்த வீட்டின் கடைசித் தம்பி, சோட்டோபாபு. ஐம்பது வயது, சென்ட் வாசனை, இரண்டு கைப்பேசி. மற்றவர் அவருடைய அண்ணி அணிமா, அண்ணன் இறந்த பிறகும் அந்த வீட்டிலேயே இருப்பவர். அறுபதை நெருங்கியவர், ஓவியத்தில் இருக்கிற அம்மாள் மாதிரியே கரையில்லாத வெள்ளைப் புடவை, முந்தானையில் அதே மாதிரி சாவிக்கொத்து. விஷயம் இதுதான். அந்த வீட்டுப் பூஜையை வருஷக்கணக்காக நடத்தி வந்தவர் அணிமா பௌதி. பௌதி என்றால் இங்கே அண்ணி, நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். விதவை கையில் பூஜைச் சாவியா என்று யாராவது முணுமுணுத்தால் அவர் சுவரில் இருந்த ஓவியத்தைக் காட்டுவார். கர்த்தாமாவும் விதவைதான், அவர் தொடங்கினார், நான் நடத்துகிறேன். அதற்கு மேல் யாரும் பேச முடியாது.

சோட்டோபாபுவுக்கு அந்தப் பூஜை வேண்டும். விளம்பரக் கம்பெனி ஒன்று, பாரம்பரிய பூஜை என்று சுற்றுலாப் பயணிகளைக் கூட்டி வரத் தயாராக இருந்தது. அண்ணி சாவியை விட மாட்டேன் என்றார். இந்த நிலையில் ஓவியத்தைப் படமெடுக்க வந்த ஒரு புகைப்படக்காரர், புடவை ஓரத்தில் லேசாக ஒரு பட்டை தெரிகிறதே, ஒருகாலத்தில் கரை இருந்திருக்குமோ என்று சொல்லிவிட்டுப் போனார். சோட்டோபாபுவுக்குப் பொறி தட்டியது. இங்கே விதவைகள் சிவப்புக் கரை கட்டுவதில்லை, கரை சிவப்பு என்றால் கர்த்தாமா அப்போது சுமங்கலி. சுமங்கலி தொடங்கிய பூஜை என்றால் அண்ணியின் வாதம் அன்றோடு முடிந்தது. சுத்தம் செய்ய வேண்டும் என்ற சாக்கில் ஓவியத்தை எங்களிடம் கொண்டுவந்துவிட்டார். அண்ணி அதைப் புரிந்துகொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

மொய்த்ரா சார் வழக்கம்போல விசாரித்தார். எங்கே தொங்கியது? தெற்குத் தாழ்வாரத்தில், நேர் எதிரே ஜன்னல். ஏன் அங்கே? சோட்டோபாபு பெருமையாகச் சொன்னார், வீட்டிலேயே வெளிச்சம் அதிகமான இடம், மரியாதைக்காக அங்கே மாட்டினார்களாம். மொய்த்ரா சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வெளிச்சத்தில் வைத்து மரியாதை செய்தே ஒரு குடும்பம் தன் பாட்டியை வெளுக்க விட்டிருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

சட்டத்தைக் கழற்றும்போது சோட்டோபாபு மேஜையை ஒட்டி நின்றார். அணிமா பௌதி வெளித் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கதவு திறந்தே இருந்தது. முந்தானை கீழே இறங்கி வந்து சட்டத்துக்குள் மறைகிற இடம், ஓவியத்தின் கீழ் ஓரம். சட்டம் விலகியதும் அங்கே ஒரு விரல் அகலத்துக்கு நல்ல ரத்தச் சிவப்பு தெரிந்தது.

சோட்டோபாபு கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகிற வழியில் பெஞ்சுக்கு முன்னால் ஒரு நொடி நின்று, “பௌதி, மகாளயத்துக்கு முன்னாடி சாவியக் குடுத்துடுங்க” என்றார். சத்தம்கூடப் போடவில்லை. பௌதி சாவிக்கொத்தை முந்தானையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. சிவப்பு சிவப்புதான், அதை இல்லை என்று சொல்ல முடியாது. புற ஊதா விளக்கின் கீழே பார்த்தபோது இன்னும் உறுதியாகிவிட்டது. இருட்டறையில் வெள்ளைப் புடவையின் ஓரம் நெடுக ஒரு பட்டை மெல்லிய ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அது மேடர் என்கிற வேர்ச்சாயம், நம் ஊர் மஞ்சிட்டியின் சீமை உறவு. துணிக்குப் பளபளப்பு கொடுக்க அந்தக் காலத்து ஓவியர்கள் மெல்லிசாகப் பூசுவார்கள். வெயிலில் வெளுத்துப்போகும், ஆனால் மிச்சம் மீதி இருக்கிற சாயம் இந்த விளக்குக்கு மட்டும் அகப்படும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்புக் கரை, கால்மாட்டிலிருந்து தோள்வரை. மொய்த்ரா சார் அதைப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் உடுத்தியிருக்கிறாள் என்றார். அழகு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, ஆனாலும் நான் அவரை டீ குடிக்கப் போகச் சொன்னேன்.

எனக்கு அந்த பெஞ்சில் இருப்பவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவர் தினமும் வந்தார். டப்பாவில் பொரி கொண்டுவருவார், எங்களுக்கும் கொடுப்பார். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. என் ஓவியத்தை ஒழுங்காக வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்பார். எங்கள் தெருக்காரர் என்பதால் எனக்கு அவரைப் பூஜை நாட்களில் தூரத்திலிருந்து தெரியும். அவர் கொடுத்த பிரசாதத்தைச் சின்ன வயதில் நானும் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறேன். இந்த மனுஷியின் சாவியைப் பிடுங்குவதற்கு என் விளக்குதான் கிடைத்ததா என்று எனக்குக் கோபமாக வந்தது. மொய்த்ரா சாரிடம் அதைச் சொன்னேன். கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், அட்டையை எடு என்றார் அவர்.

அட்டையை எடுத்தேன். ஓட்டை வழியாக ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். கன்னம், காது, சாவி, விரல். உதட்டுக்கு வந்தபோது நின்றேன். உதடு சிவப்பாக இருந்தது. அதே ஓவியம், அதே ஜன்னல், அதே வெயில், அதே உருளைக்கிழங்கு. கரை வெளுத்துவிட்டது, உதடு வெளுக்கவில்லை. அப்படியானால் ஓவியர் உதட்டுக்கு வேறு சிவப்பைப் பயன்படுத்தியிருக்கிறார், பாதரசமும் கந்தகமும் சேர்ந்த வெர்மிலியன், நம் வைத்தியர்கள் சாதிலிங்கம் என்பார்கள். அது கறுத்தாலும் கறுக்குமே தவிரக் காணாமல் போகாது. அதாவது அந்த ஓவியரின் பெட்டியில் அழியாத சிவப்பு இருந்திருக்கிறது.

அட்டையை மெல்ல மேலே நகர்த்தினேன். மூக்கு, நெற்றி, வகிடு. வங்காளத்தில் சுமங்கலி என்றால் முதலில் பார்ப்பது கரையை அல்ல, வகிட்டில் இருக்கிற சிந்தூரத்தை. ஓட்டைக்குள் தோலின் நிறம்தான் இருந்தது.

கையடக்க எக்ஸ்ரே கருவி ஒன்று அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது, துப்பாக்கி மாதிரி இருக்கும். எந்த இடத்தில் வைத்தாலும் அங்கே என்ன உலோகம் இருக்கிறது என்று சொல்லும். உதட்டில் வைத்தேன், பாதரசம் என்றது. வகிட்டில் வைத்தேன். ஈயம் என்றது, அது தோல் நிறத்துக்குப் போட்ட வெள்ளை. பாதரசம் இல்லை. வகிடு நெடுக மறுபடி மறுபடி வைத்தேன், இல்லவே இல்லை. ஒருவேளை சிந்தூரத்துக்கும் வேர்ச்சாயத்தையே பூசி அதுவும் வெளுத்திருக்குமோ என்று விளக்கில் பார்த்தேன், அங்கே எதுவும் ஒளிரவில்லை. தேய்த்துத் தேய்த்துப் போயிருக்குமோ? வகிட்டின் ஓரத்தில் ஏற்கனவே இருந்த ஒரு விரிசலிலிருந்து கடுகில் பாதி அளவு துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, தேய்த்து மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். கீழே தலைமுடியின் கறுப்பு, அதன்மேல் தோலின் நிறம், அதன்மேல் நேராகப் பழைய வார்னிஷ். நடுவில் ஒன்றும் இல்லை. சிந்தூரம் அங்கே வைக்கப்படவே இல்லை. மணிக்கட்டிலும் இதே கதை. சுமங்கலிகள் போடும் சங்கு வளையலின் தடம்கூட இல்லை.

மொய்த்ரா சார் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்க நேரமானது. பிறகு ஜெலுசில் போடாமலேயே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம். அறிக்கையை நான் படித்தேன். கரை சிவப்பு என்ற இடம் வந்ததும் சோட்டோபாபு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். உதடு, வகிடு, மணிக்கட்டு என்று நான் மேலே போகப் போக மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிவில் ஓவியம் வரையப்பட்டபோது வகிட்டில் சிந்தூரம் இல்லை, கையில் சங்கு வளையல் இல்லை, புடவையில் சிவப்புக் கரை இருந்தது என்று படித்து நிறுத்தினேன்.

“அப்போ அவங்க விதவையா, சுமங்கலியா?” என்றார் அவர்.

“அதை நாங்க எழுதல. எதுல என்ன நிறம்னு மட்டும்தான் எழுதியிருக்கோம்” என்றார் மொய்த்ரா சார்.

“விதவை எப்படி சார் சிவப்புக் கரை கட்டுவா? அந்தக் காலத்துல?”

“அது வேதியியல் இல்ல. உங்க குடும்பம்.”

சோட்டோபாபு வகிட்டை மறுபடி பரிசோதிக்கச் சொன்னார். துப்பாக்கியை அவர் கையிலேயே கொடுத்தேன். உதட்டில் வைத்தார், வகிட்டில் வைத்தார், திரும்ப உதட்டில் வைத்தார். கருவி அவருடைய அந்தஸ்தைப் பார்க்கவில்லை, என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னது. கைப்பேசி அடித்தது, எடுக்கவில்லை. நான் அணிமா பௌதியைப் பார்த்தேன். வென்றுவிட்டோம் என்ற முகம் அங்கே இல்லை. அவர் ஓவியத்தின் கீழ் ஓரத்தில் இருந்த அந்த ஒரு விரல் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்போ வெளுத்திருக்கும்?” என்று என்னிடம் கேட்டார்.

அந்த ஜன்னலுக்கு எதிரே என்றால் ஒரு தலைமுறை, மிஞ்சினால் இரண்டு என்றேன். கர்த்தாமாவை நேரில் பார்த்தவர்கள் எல்லோரும் போய்ச் சேருவதற்குள் கரையும் போயிருக்கும்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு பேசினார், எங்களிடமா ஓவியத்திடமா என்று தெரியாத மாதிரி.

“அவர் போனப்போ எனக்கு முப்பத்திரண்டு வயசு. என் மாமியார் இந்தப் படத்துக்கு முன்னாடி என்ன நிக்கவெச்சு, கர்த்தாமாவே வெள்ளை கட்டினாங்க, உனக்கு என்னன்னு கேட்டு, என் புடவையெல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. அவங்களுக்கு அவங்க மாமியார் இதே படத்தத்தான் காட்டியிருப்பாங்க. வெயில் பண்ணின காரியம். நாங்க எல்லாரும் வெயிலப் பார்த்துப் புடவை கட்டியிருக்கோம்.”

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. மொய்த்ரா சார் எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினார். ஓவியத்துக்கு வெளிச்சம் ஆகாது என்று யாரும் கேட்காமலேயே விளக்கம் சொன்னார். அவர் குரல் சரியாக இல்லை. நான் அதை அவருடைய அமிலத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இதை எழுதும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த ஓவியம் பௌதிக்குச் சாவியைக் கொடுத்தது, புடவையைப் பிடுங்கியது. இரண்டுமே அதில் இல்லாத ஒரு வெள்ளையை நம்பி நடந்தவை. எத்தனையோ பெரிய மனிதர்களின் தீர்ப்புகளை நான் கேட்டிருக்கிறேன். மங்கிப்போன சாயம் ஒன்று வழங்கிய இந்தத் தீர்ப்பைப் போல ஒழுங்காக நிறைவேற்றப்பட்ட இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

சோட்டோபாபு சாவியைப் பற்றிப் பிறகு பேசவில்லை. வகிட்டில் சிந்தூரம் இல்லாத ஒரு பெண் பூஜையைத் தொடங்கியிருக்கிறாள் என்று அரசாங்க முத்திரையோடு அவரே வாங்கிக்கொண்டுபோன அறிக்கை சொன்னது, அதை அவர் எங்கே கொண்டுபோய்க் காட்டுவார்? விளம்பரக் கம்பெனி வேறு வீட்டைப் பார்த்துக்கொண்டது.

அந்த வருஷ தசமிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓவியம் மண்டபத்தில் வெயில் எட்டாத உள்சுவருக்கு மாறியிருந்தது. சுமங்கலிகள் அம்மனுக்குச் சிந்தூரம் வைத்து, ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிக்கொண்டு ஆரவாரமாக இருந்தார்கள். அணிமா பௌதி ஓவியத்துக்குக் கீழே சாவிக்கொத்தோடு நின்று, சிலையைக் கரைக்கக் கொண்டுபோகும் விசர்ஜன வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். வகிடு வெறுமையாகத்தான் இருந்தது. வெள்ளைப் புடவைதான். அகலமான சிவப்புக் கரை. பூசிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள், ஓவியத்தைப் பார்த்தார்கள், மறுபடி அவரைப் பார்த்தார்கள். பிறகு பூசுவதைத் தொடர்ந்தார்கள். சோட்டோபாபு வண்டியைத் தேடிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருந்தாள். சாம்பல் நிறம், மங்கின ஊதா என்று பார்த்துப் பார்த்துக் கட்டுவாள், கல்யாண வீடுகளில் பின்வரிசையில் உட்காருவாள். பாதரசம், ஈயம் என்று நான் சொன்னதில் அவள் காதில் எதுவும் விழவில்லை என்றுதான் நினைத்தேன்.

“அது என்ன செவப்புட்டி? அரக்கா, மொளகாப்பழமா?” என்றாள்.

அரக்கு என்றேன்.

கொஞ்ச நேரம் முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“நீ கடப்பக்கம் போனா எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வா. கரை அகலமா இருக்கட்டும்.”

என் வேலை என்ன என்று அம்மாவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பெயிண்ட் கம்பெனி என்று அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பரோமிதாவுக்கு. உன்னுடைய மென்பொருள் அனுப்பிய படத்தில் கரை சரியாக இருக்கிறது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது, நாங்கள் வாரக்கணக்கில் பார்த்ததை அது டீ ஆறுவதற்குள் யூகித்துவிட்டது. ஆனால் சிவப்புக் கரை கட்டிய வங்காளப் பெண்களின் படங்களை ஏராளமாகப் பார்த்துப் பழகிய அந்தச் சனியன், கரை இருந்தால் இதுவும் இருக்கும் என்று தானாகவே முடிவுசெய்து, கர்த்தாமாவின் கையில் சங்கு வளையலை மாட்டி, வகிடு நிறையச் சிந்தூரத்தையும் அப்பியிருக்கிறது. நீங்கள் எல்லோரும் முழுப் படத்தைப் பார்த்துக் கைதட்டினீர்கள். மொய்த்ரா சாரின் அட்டை உன் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் கிடக்கிறது. அதை எடுத்து வைத்துப் பார்.

கரையை அப்படியே விட்டுவிடு. வளையலைக் கழற்று. வகிட்டைத் துடை.